பாலர் அரங்கம் ஸ்டாப்

"பாலர் அரங்கம் ஒண்ணு குடுப்பா."

சென்னை வாலாஜா சாலையில் போன பேருந்தில் முன் சீட்டுப் பெரியவர் டிக்கெட் கேட்டார். இளவயது நடத்துநர் முழித்தார். "அப்படி ஸ்டாப்பே இல்லையே ஐயா?"

பின்னாலிருந்து ஒரு அம்மா, "கலைவாணர் அரங்கத்தைச் சொல்றாருப்பா" என்றார்.

பெரியவர் முகத்தில் ஒரு சின்ன முறைப்பு. பெயரை மாற்றியது 1974இல். இன்னும் கோபம் தீரவில்லை போல!

இத்தனைக்கும் பாலர் அரங்கமே இரண்டாவது அவதாரம்தான். 1952இல் சட்டமன்றம் கூடுவதற்காகக் கட்டிய மண்டபம் அது. 1956 வரை உறுப்பினர்கள் பேசினார்கள். அவர்கள் கோட்டைக்குத் திரும்பியதும் பிள்ளைகள் வந்தார்கள். அதற்கப்புறம்தான் என்.எஸ்.கிருஷ்ணன் பெயர்.

பக்கத்தில் புதிய தலைமைச் செயலகம் எழும்பியபோது இதை இடித்துவிட்டார்கள். அந்தச் செயலகமும் இப்போது மருத்துவமனை. அது தனிக்கதை.

2016இல் அதே பெயரில் புதிய அரங்கம் திறந்தது. 2020இல் கொரோனா வந்ததும், இடைவெளி விட்டு உட்கார இடம் தேடி, சட்டமன்றம் அங்கேயே வந்து கூடியது. 64 வருடம் கழித்து!

இதையெல்லாம் பெரியவரிடம் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் இறங்கிவிட்டார்.

டிக்கெட்டில் என்ன ஸ்டாப் அச்சாகியிருந்ததோ, பார்க்கவேயில்லை.