எரியுதுதானே அண்ணை

"எரியுதுதானே அண்ணை, பிறகென்ன?" என்றார் மொரிஸ் மைனர் கார்க்காரர், நான் வேலை செய்துகொடுத்த பிரேக் லைட்டைப் பார்த்து. "ஓம், இப்ப சரி" என்றேன். அந்தச் "சரி" இன்னும் உறுத்துகிறது.

மைனரில் பிரேக் லைட் சுவிட்ச் மிதியில் இல்லை. பிரேக் ஒயில் குழாயில் முறுக்கியிருக்கும். அழுத்தம் ஏறினால்தான் தொடுமுனைகள் சேரும். பின்னால் 21 வாட் பல்ப் இரண்டு, 12 வோல்ட்டில் 3.5 அம்பியர். முழுவதையும் சுமந்து அந்தச் சின்ன முனை கருகிவிடும். அதனால் ரிலே போட்டேன்: சுவிட்ச் ரிலேயின் கொயிலை மட்டும் இயக்கும், லைட்டின் சுமையை ரிலே தாங்கும். கீழே வரும் 30, 85, 86, 87 ரிலேயின் முனை எண்கள்; கொயில் 85க்கும் 86க்கும் நடுவே. லைட்டுக்குப் போகும் பச்சை-ஊதா வயரைச் சுவிட்சிலிருந்து கழற்றி 87க்கு, அந்த இடத்திலிருந்து புது வயர் 86க்கு, 85 வண்டியின் பாடிக்கு, பியூஸ் பெட்டியின் ஏ4 முனையிலிருந்து 10 அம்பியர் பியூஸ் வழியாக 30க்கு.

கொயிலுக்குக் குறுக்கே, மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டயோட்டும் வேண்டும். இல்லாவிட்டால் பிரேக்கை விடும்போது எழும் பொறி அதே முனையைத் தின்னும். வண்டி பாசிட்டிவ் எர்த், அதாவது பற்றரியின் பாசிட்டிவ்தான் பாடியில். ஆகவே டயோட்டின் கோடு போட்ட முனை பாடிப் பக்கம், 85இல். நெகட்டிவ் எர்த் வண்டிக்கான வழக்கமான படத்தைப் பார்த்து 86இல் வைத்தால், மிதித்ததும் ஷோர்ட். இதிலெல்லாம் நான் பிழைவிடவில்லை.

சுவிட்சை முதலில் அளக்காமல் விட்டதுதான் பிழை. பழைய இணைப்பில் முனைக்கு அரை ஓம் தடை ஏறினால் ஒன்றரை வோல்ட் அளவு குறைந்து லைட் மங்கும், ஆள் கவனிப்பார். ரிலே கொயில் இழுப்பது கால் அம்பியருக்கும் குறைவு, அதற்கு அந்தத் தடை ஒரு பொருட்டே இல்லை. சுவிட்ச் செத்துக்கொண்டிருந்தாலும் லைட் பளிச்சென்று எரியும். ரிலே போடுமுன் மீட்டரை சுவிட்சின் இரு முனையிலும் வைத்து, மெல்ல மிதித்துப் பார்த்திருக்க வேண்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சுவிட்சை மாற்றுவதுதான் வேலை.

நாங்கள் பார்த்தபோது அவர் ஊன்றி மிதித்தார். தளர்ந்த சுவிட்ச் அந்த அழுத்தத்துக்கு எரியும். சந்தியில் மெல்ல வேகம் குறைக்கும்போது எரியுமா? பின்னால் வருபவருக்குத் தேவையானது அந்த முதல் விநாடிதான்.

சுவிட்சை மாற்றுவதென்றால் பிரேக் ஒயில் குழாயைத் திறந்து, உள்ளே போகும் காற்றை வெளியே எடுக்க வேண்டும். அவருக்கு அன்று பின்னேரம் கலியாண வீடு. அது உண்மைதான். ஆனால் மாற்றுவோமா என்று நான் கேட்கவேயில்லையே. மிதியில் இன்னொரு சுவிட்சைப் போட்டு, பழையதோடு சமாந்தரமாக இணைத்திருந்தால் இந்தச் சந்தேகமே வராது. அதற்குத் துளை போட அவர் விட்டிருக்கமாட்டார். விட்டிருந்தாலும், அந்த வண்டியில் துளை போட எனக்கு மனம் வந்திருக்குமா தெரியாது.