குறைவாகப் பேசுகிற

ஜூன் 2

தேர்வுக்காக இன்று இருபது ஆங்கிலச் சொல். நேற்றைய இருபதில் நினைவில் நின்றவை பதினொன்று. எனர்வேட் மூன்றாவது முறையாகத் தவறு. ஒலியைக் கேட்டால் எனர்ஜி ஏற்றுவது போலிருக்கிறது. பொருளோ வலுவைப் பிடுங்கிக்கொள்வது. நரம்பை உருவிவிடுவது என்று லத்தீன் வேர். வேர் தெரிந்தும் தவறினேன், அதுதான் எரிச்சல்.

ஜூன் 3

சொல் எழுதிய அட்டைகளின் பெட்டியை ஐந்து அறையாகத் தடுத்துவிட்டேன். செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் எழுதிவைத்த முறை. பொருள் சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்கு நகரும். தவறினால், எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பும். பரமபதத்தில் பாம்பு கொத்துவது போல. முதல் அறையைத் தினமும் பார்க்க வேண்டும், ஐந்தாவதை எப்போதாவது பார்த்தால் போதும். ஐந்தாவதில் இப்போது ஒன்றுமில்லை.

அம்மாவுக்கும் இன்று அட்டைகள் வந்தன. பேச்சுப் பயிற்சிக்கு, படம் போட்டவை. சாவி, குடை, சீப்பு.

ஜூன் 4

தூக்கமில்லை. அட்டையும் இல்லை.

ஜூன் 6

டாசிடர்ன், ரெட்டிசென்ட், லகானிக். மூன்று அட்டையின் பின்புறமும் என் கையெழுத்தில் ஒரே வரி: குறைவாகப் பேசுகிற. இப்படி எழுதிவைத்ததற்கு என்னை நானே குட்டிக்கொள்ள வேண்டும். ஒரே கேள்விக்கு மூன்றும் வரிசையாக விடைகளில் நின்றால் இந்த வரி எதற்கு உதவும்?

மாலை முழுவதும் இதிலேயே போயிற்று. டாசிடர்ன் பிறவிக்குணம், கலகலப்பு வராதவர், சற்றுக் கடுகடுப்பாகவும் தெரிவார். ரெட்டிசென்ட் ஆளிடம் பேச்சு இருக்கிறது, மனதில் உள்ளதைக் கேட்டால் மட்டும் வாய் அடைத்துக்கொள்ளும். லகானிக் ஆள் பேசுவார், சொற்களை எண்ணிச் செலவழிப்பார். ஸ்பார்ட்டா இருந்த லகோனியாவிலிருந்து வந்த சொல் அது. லகோனியாவுக்குள் நுழைந்தால் உங்களை அடியோடு அழிப்பேன் என்று மாசிடோனிய அரசன் பிலிப் சொல்லி அனுப்பினானாம். திரும்பிப் போன பதில் ஒரே சொல்: இஃப். தமிழில் அந்தப் பதிலை அனுப்பவே முடியாது. நமக்கு அது ஆல் என்கிற விகுதி, தனியாக நிற்காது. 'நுழைந்தால்' என்று எழுதியிருப்போம். அதுவும் சோடையில்லை.

அம்மா இந்த மூன்றில் எது? எதுவுமில்லை. அவளுக்குப் பேச ஆசை.

ஜூன் 7

அக்கா தொலைபேசியில். "நீ அங்கே சொல் சேர்க்கிறாய், அம்மாவுக்கானால்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். இப்படி ஒரு கதை படித்திருந்தால் செயற்கை என்று பக்கத்தைப் புரட்டியிருப்பேன்.

தேர்வுக்கு இருபத்திரண்டு நாள் இருக்கிறது. தேதியை மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

ஜூன் 9

பயிற்சி தரும் பெண் சீப்புப் படத்தைக் காட்டினார். அம்மா தலையைத் தொட்டாள், வாரிக் காட்டினாள், "வாருவது" என்றாள். பெயர் வரவில்லை. அந்தப் பெண் "சீ..." என்று மட்டும் எடுத்துக்கொடுத்தார். உடனே "சீப்பு!" பொருள் பத்திரமாக இருக்கிறதாம், பெயரை எட்டும் வழிதான் அடைபட்டிருக்கிறதாம்.

இரவு அட்டைகளைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். இத்தனை நாளும் ஆங்கிலச் சொல்லைப் பார்த்துப் பொருள் சொல்லிக்கொண்டிருந்தேன். பொருளைப் பார்த்துச் சொல்லைச் சொல்ல முயன்றதே இல்லை. நாற்பதில் ஒன்பது. ஒன்பதுதான்! முதல் எழுத்தை எட்டிப் பார்த்துக்கொண்டபோது இருபத்தாறு. பார்த்தால் தெரியும் முகங்களையெல்லாம் நண்பர்கள் என்று கணக்கில் சேர்த்திருக்கிறேன்.

தேர்வுக்குப் பார்த்தால் தெரிவதே போதும். ஆனாலும் மனம் கேட்கவில்லை.

ஜூன் 10

எனர்வேட் சரி. இரண்டாம் அறை!

ஜூன் 12

நல்ல நாள். அம்மா நன்றாகத் தூங்கினாள், நான் முப்பது சொல் படித்தேன்.

இக்ரீஜியஸ். மந்தையிலிருந்து விலகி நிற்பது என்பது வேர்ப்பொருள். ஆங்கிலத்தில் முதலில் அது பாராட்டு. தனிச்சிறப்பு உடையவரைச் சொன்னது. இன்று பிழைக்கும் குற்றத்துக்கும் முன்னால்தான் அதைப் பார்க்கிறோம். நம் நாற்றம் போன அதே பாதை. பழம்பாடல்களில் பூவுக்கு நாற்றம் உண்டு. இன்று அப்படிச் சொன்னால் சண்டை வரும். இந்தச் சொல் இனி மறக்காது. கையோடு நாய்சம் என்பதையும் பிடித்துவிட்டேன். நாய்ஸுக்கும் அதற்கும் உறவே இல்லை, துர்நாற்றமடிக்கிற என்று பொருள். அட்டையில் ஒரு மூக்கு வரைந்தேன்.

பிறகு ஏனோ உறு, தவ, நனி நினைவுக்கு வந்தன. மூன்றும் மிகுதியைக் குறிக்கும் என்கிறது தொல்காப்பியம். சரி, பொருள் ஒன்றுதான். ஆனால் உறுதுணை என்கிறோம், நனிதுணை என்று யாரும் சொல்வதில்லை. நனிசிறந்த என்றால் சரி, உறுசிறந்த என்றால் உறுத்துகிறது. யாரும் சொல்லித்தராமல் காது சொல்கிறது. ஆங்கிலத்தில் எனக்கு அந்தக் காது இல்லை, பொருளை மட்டும் எழுதிக்கொண்டிருந்தால் வரவும் வராது. இனி ஒவ்வொரு அட்டையிலும், அந்தச் சொல் யாரோடு சேர்ந்து வரும் என்று ஒரு துணையாவது எழுத வேண்டும். இக்ரீஜியஸ் எரர். மிட்டிகேட் ரிஸ்க். ஸ்கேதிங் அட்டாக்.

எனர்வேட்டுக்குத் துணை கிடைக்கவில்லை. அகராதி வெயிலைச் சொல்கிறது. ஒட்டவில்லை.

ஜூன் 13

எனர்வேட் தவறு. முதல் அறை. பாம்பு.

ஜூன் 15

ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, மறப்பதைத் தானே அளந்து, 1885-இல் புத்தகமாக்கினார். பக்கத்து அறையில் யாரும் இரவு இரண்டு மணிக்கு மணி அடித்திருக்க மாட்டார்கள்.

தேதியை மாற்ற முடியாதாம்.

ஜூன் 16

கோபம் தணியவில்லை, அதனால் படித்த வேடிக்கையை எழுதுகிறேன். 1934-இல் வந்த வெப்ஸ்டர் பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் டார்ட் என்று ஒரு சொல், பொருள் அடர்த்தி. அப்படி ஒரு சொல்லே கிடையாது. அடர்த்தியைப் பெரிய டி ஆர் சிறிய டி என்ற எழுத்தால் சுருக்கலாம் என்று ஒரு குறிப்புச் சீட்டு இருந்தது. ஆர் என்றால் அல்லது. மூன்றையும் சேர்த்து ஒரே சொல்லாகப் படித்துவிட்டார்கள். 1939-இல்தான் ஆசிரியர் ஒருவர் கண்ணில் பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் என்னைப் போன்ற எவனாவது அதை ஐந்தாவது அறைவரை கொண்டுபோயிருப்பான்.

அம்மாவிடம் சொன்னேன். எவ்வளவு புரிந்ததோ, சிரித்தாள்.

ஜூன் 19

ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று தொடங்கிவைத்தால் அம்மா தடங்கலின்றி சனிவரை போகிறாள். இன்று என்ன கிழமை என்று கேட்டால் சுவரைப் பார்க்கிறாள்.

ஜூன் 21

பத்துச் சொல். ஆறு.

ஜூன் 24

அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து அட்டை புரட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றை எடுத்து நீட்டி, என்ன என்று கையால் கேட்டாள். எனர்வேட், வேறெது வரும். படித்துக் காட்டினேன். "வலுவைப் பிடுங்கிக்கொள்வது, அம்மா." சற்று நேரம் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காய்ச்சல்" என்றாள்.

யாரும் முதல் எழுத்து எடுத்துக்கொடுக்கவில்லை. பென்சிலால் அட்டையில் எழுதிக்கொண்டேன்.

ஜூன் 25

லகானிக் அட்டையில் 'குறைவாகப் பேசுகிற' என்பதை அடித்துவிட்டேன்.

ஜூன் 28

நாளை காலை ஒன்பது மணிக்கு. அடையாள அட்டையை எடுத்துவைக்க வேண்டும். அக்கா இன்னும் வந்து சேரவில்லை.