எரிந்ததால் பிழைத்த பூ

இன்று பார்த்த மின்னணு நுண்ணோக்கிப் படம்: ஸ்காண்டியாந்தஸ். 8 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய, அழிந்துபோன பேரினத்தின் பூ. நீளம் சில மில்லிமீட்டர்தான். ஐந்து புல்லி, ஐந்து அல்லி, பத்து மகரந்தத்தாள். நடுவில் தேன் சுரந்த வட்டுகூடத் தெரிகிறது!

தெற்கு ஸ்வீடனில் ஓசென் என்ற இடத்து மணலிலும் களிமண்ணிலும் கிடைத்தது. எல்சே மரி ஃப்ரீஸும் அன்னி ஸ்கார்பியும் 1981இல் அந்தப் பூக்களை அறிவித்தபோது பலருக்கு ஆச்சரியம்.

பூ நசுங்காததற்குக் காரணம் காட்டுத்தீ. காற்று அதிகம் கிடைக்காத சூட்டில் பூ சாம்பலாகாமல் கரியானது. கரி மக்காது, மண்ணின் பாரத்திலும் சுலபமாகத் தட்டையாகாது.

எடுக்கும் வேலைதான் பெரும்பாடு. மண்கட்டியை முதலில் நன்றாகக் காயவிட வேண்டும். அப்போதுதான் தண்ணீரில் போட்டதும் தானாக உதிரும். ஈரமாகவே போட்டால் களிமண் கரையாது, கையால் பிசைந்தால் பூ பொடியாகிவிடும். பிறகு மிக நுண்ணிய கண் சல்லடை. குழாயைத் திறந்து பீய்ச்சக் கூடாது.

ஒட்டிய மணலைக் கரைப்பது ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். கண்ணாடியையே அரிக்கும், எனவே பிளாஸ்டிக் பாத்திரம்தான். தோலில் பட்டால் எலும்புவரை போகும். கால்சியம் குளுக்கோனேட் களிம்பு பக்கத்தில் இல்லாமல் மூடியைத் திறக்கவே கூடாது. அமிலம் போகும்வரை அலசி, உலர்த்தி, ஈரத் தூரிகை நுனியால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும்.

இதை வைத்து அக்காலப் பூக்கள் எல்லாமே குட்டி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கரியாகும்போது பூ சுருங்கும். பெரிய பூக்கள் உடைந்து, தனி இதழ்களாகச் சல்லடையில் சிக்கியிருக்கலாம்.