ஒரு பாட்டு, ரெண்டு உண்டியல்

நேத்து ராத்திரி தூக்கம் வராம யூட்யூப்ல மேய்ஞ்சிட்டு இருந்தப்போ ஒரு பழைய வீடியோ மாட்டுச்சு. நியூயார்க் யாங்கி ஸ்டேடியம், 2001 செப்டம்பர் 23. ரெட்டைக் கோபுரம் விழுந்து பன்னெண்டே நாள்தான் ஆகியிருக்கு. கேலரி பூரா ஜனங்க, கையில கொடி, வீடு திரும்பாத புருஷனோட, மகளோட போட்டோ. சில பேர் போட்டோவ நெஞ்சோட அணைச்சுட்டு உக்காந்திருக்காங்க, சில பேர் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சிருக்காங்க. யூனிஃபார்ம்ல ஒரு போலீஸ்காரர் மைக் முன்னாடி வந்து நிக்கிறார், வாயத் தொறந்தா ஓப்பரா (மேற்கத்திய இசை நாடகம்) பாடுற குரல்! எந்திரிச்சு உக்காந்துட்டேன்.

பேரு டேனியல் ரோட்ரிகஸ். புரூக்ளின்காரர், போர்ட்டோ ரிக்கோ வம்சாவளி. சின்ன வயசுலயே முறையா பாட்டு கத்துக்கிட்டவர்தான், ஆனா குடும்பம் குட்டினு ஆனதும் பாட்டு சோறு போடாதுனு தபால் துறையில சேர்ந்து, அப்புறம் 1995ல நியூயார்க் போலீஸுக்கு வந்துட்டார். டிபார்ட்மெண்ட்ல ஒரு பங்ஷன்னா தேசிய கீதம் பாடுறதுக்கு இவரத்தான் கூப்பிடுவாங்களாம். செப்டம்பர் 11 காலையில வேலைக்குப் போற வழியில, வெரசானோ பாலத்து மேல இருந்து கோபுரம் எரியுறத பார்த்திருக்கார், அப்படியே ஸ்பாட்டுக்குப் போனவர்.

அதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்கு மலைப்பா இருக்கு. அன்னைக்கு நியூயார்க் போலீஸ்ல மட்டும் 23 பேர், துறைமுக ஆணைய போலீஸ்ல 37 பேர், தீயணைப்புத் துறையில 343 பேர் போயிட்டாங்க. பல வீட்டுல உடம்பே கிடைக்கல, படத்த வெச்சுத்தான் பிரார்த்தனை. இந்த மாதிரி அஞ்சலிக்கூட்டம், நிதி திரட்டுற நிகழ்ச்சி, யாங்கி ஸ்டேடியத்துல பேஸ்பால் மேட்ச்னு எங்க கூப்பிட்டாலும் போய் 'காட் பிளஸ் அமெரிக்கா'ங்கிற (அமெரிக்காவ கடவுள் காப்பாத்தட்டும்னு அர்த்தம்) ஒரே தேசபக்திப் பாட்ட இவர் திரும்பத் திரும்பப் பாடியிருக்கார்.

இது லேசான விஷயம் இல்லங்க. நான் காலேஜ்ல லைட் மியூசிக் ட்ரூப்ல கோரஸ் நின்னவன், ஒரு ஃப்ரெண்டு ஆக்ஸிடெண்ட்ல போனப்போ அவன் அஞ்சலிக்கூட்டத்துல அவனுக்குப் புடிச்ச பாட்ட நான் பாடுறேன்னு வீராப்பா மேடை ஏறிட்டேன், பல்லவி ரெண்டாவது வரி வரைக்கும்தான், முன் வரிசையில அவங்க அம்மா முகத்த பார்த்தேன், தொண்டை அப்படியே கட்டிக்கிச்சு, மிச்சத்த கீபோர்டுக்காரன்தான் வாசிச்சு முடிச்சான். அழுகை வந்தா மொதல்ல மாட்டுறது தொண்டைதான். அந்தப் பாட்டோ கடைசியில மேல மேல ஏறும், மூச்சு தாக்குப் பிடிச்சாத்தான் அந்த உச்ச ஸ்வரமே நிக்கும். வீடியோவ நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன், மனுஷன் யாரு முகத்தையும் பார்க்கல, கண்ணு எங்கயோ தூரத்துல இருக்கு. இந்த வித்தை எனக்கு அன்னைக்குத் தெரியாமப் போச்சு.

சரி, காசு விஷயத்துக்கு வர்றேன், இத எழுத உக்காந்ததே அதுக்குத்தான். அந்தப் பாட்ட சிடியா போட்டாங்க, அதுல வர்ற பணம், உயிர விட்ட போலீஸ், தீயணைப்புக்காரங்க குடும்பங்களுக்காக அப்போ மேயரா இருந்த ஜூலியானி ஆரம்பிச்ச நிதிக்குப் போச்சு. ஒரு பாட்டு வித்தா காசு ரெண்டு வழியா பிரியும், ரெக்கார்டு போட்டவங்களுக்கு ஒரு பங்கு, எழுதி மெட்டுப் போட்டவருக்கு ஒரு பங்கு. ரெண்டாவது பங்கு எங்க போகுதுனு தேடினேன் பாருங்க, அங்கதான் அசந்துட்டேன்.

எழுதுனவர் இர்விங் பெர்லின். அஞ்சு வயசுல ரஷ்யாவுல இருந்து அகதி மாதிரி வந்து இறங்குன யூதக் குடும்பத்துப் பையன், வளர்ந்தது நியூயார்க்ல வறுமையான குடியேறிகள் நெருக்கி அடிச்சு வாழ்ந்த ஏரியாவுல. 1918ல பட்டாளத்துல இருக்கும்போது இத எழுதிட்டு, சரிப்படலனு ஓரமா தூக்கி வெச்சுட்டார். இருபது வருஷம் பெட்டியில கிடந்திருக்கு. 1938ல, ஐரோப்பாவுல போர் மூட்டம் போட்ட நேரம், தூசி தட்டி சில வார்த்தைய மாத்திக் கொடுக்க, கேட் ஸ்மித்னு ஒரு அம்மா ரேடியோவுல பாடி நாடு பூரா ஹிட்டு. 1940ல பெர்லின் ஒரு டிரஸ்ட் மாதிரி வெச்சு, இந்தப் பாட்டு ராயல்டி பூரா ஆண் பெண் சாரணர் இயக்கங்களுக்குனு எழுதிக் கொடுத்துட்டார். நூத்தி ஒரு வயசு வரைக்கும் இருந்தவர், 1989லதான் போனார், அத்தனை வருஷமும் அந்தக் காச தொடல.

ஆக இந்தப் போலீஸ்காரர் பாடும்போது ஒரு உண்டியல்ல இல்ல, ரெண்டு உண்டியல்ல காசு விழுந்திருக்கு. ஒண்ணு மேயர் வெச்சது, இன்னொண்ணு 61 வருஷத்துக்கு முன்னாடியே வேற ஒருத்தர் வெச்சுட்டுப் போனது.

ஒரு உறுத்தலும் இருக்கு, மறைக்க விரும்பல. அடுத்த மாசமே ஆப்கானிஸ்தான்ல குண்டு போட ஆரம்பிச்சாங்க, அந்தப் பாட்டு ஓடுன ஸ்டேடியங்கள்ல கண்ணீர் எவ்வளவு, கோவம் எவ்வளவுனு பிரிக்க முடியாது. அதுக்குப் பாடுனவர் என்ன பண்ணுவார்னும் தோணுது.

அப்புறம் அவர் கதை வேற ரூட்ல போச்சு. அதே ஸ்டேடியம் நிகழ்ச்சியில பாட வந்திருந்த பிளாசிடோ டொமிங்கோ (ஓப்பரா உலகத்துல அந்தப் பேருக்கு மேல பேரு கிடையாது) இவரக் கேட்டுட்டு, வாப்பா நானே பயிற்சிக்கு ஏற்பாடு பண்றேன்னு வாஷிங்டன் ஓப்பராவுக்குக் கூட்டிட்டுப் போயிட்டார். கொஞ்ச வருஷத்துல போலீஸ் வேலைய விட்டுட்டு முழுநேரப் பாடகர்.

காலையில அப்பாவுக்கு வீடியோவ போட்டுக் காட்டினேன். அவரு முப்பது வருஷம் தபால் ஆபீஸ், அவரும் பாடுவார், பாத்ரூம் கதவுக்கு உள்ள மட்டும். இவரும் முன்னாடி போஸ்டல்தான்ப்பானு சொன்னதும் கண்ணாடிய எடுத்துப் போட்டுக்கிட்டார்.

"சார்ட்டிங்ல இருந்தானாமா, பீட்ல இருந்தானாமா?"

தபால் பிரிக்கிற வேலையா, வீடு வீடா கொண்டுபோய்க் குடுக்குற வேலையானு கேக்குறார். நான் வாயத் தொறக்குறதுக்குள்ள செல்போன என் கையில இருந்து வாங்கி முதல்ல இருந்து திருப்பிப் போட்டுட்டார், சவுண்ட ஃபுல்லா வெச்சு.