ஆரஞ்சு விளக்கு

சிங்கப்பூரில், தை செங் வட்டாரத்தில் ஒரு டேட்டா சென்டர். இரவு ஷிப்டில் நானும், எனக்கு வேலை கற்றுக்கொடுத்த அண்ணனும். பதினோரு மணி ரவுண்டில் ஒரு சர்வரின் மூன்றாவது டிஸ்கில் ஆரஞ்சு விளக்கு எரிந்தது. மற்ற ஐந்திலும் பச்சை.

எனக்குப் பதற்றமே இல்லை. பல டிஸ்குகளை ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் ரெய்டு 5 தானே, ஒன்று போனால் தாங்கும். ஆறு டிஸ்க், ஒவ்வொன்றும் 4 டெராபைட். 20 டெராபைட் தரவுக்கு, 4 டெராபைட் பேரிட்டிக்கு, அதாவது தொலைந்ததை மீட்க உதவும் கணக்குக்கு. பேரிட்டியை அண்ணன் தேக்கா கோப்பிக்கடையில் இப்படித்தான் விளக்கியிருந்தார்: "அஞ்சு பேர்கிட்ட சில்லறை இருக்கு தம்பி. மொத்தத்தை எழுதி வச்சிட்டா, ஒருத்தன் தொலைச்சாலும் அவன்கிட்ட எவ்வளவு இருந்துச்சுன்னு கழிச்சுப் பார்த்துச் சொல்லிடலாம்." உள்ளே நடப்பது கூட்டல் அல்ல, எக்ஸார் (XOR) என்ற பிட் கணக்கு. ஆனாலும் எனக்கு விளங்கியது அந்தச் சில்லறையில்தான். இரண்டு பேர் தொலைத்தால் என்ன ஆகும் என்று அன்று கேட்கத் தோன்றவில்லை.

புது டிஸ்கைச் செருகினேன், தொலைந்த தரவை அதில் திரும்ப எழுதும் ரீபில்ட் ஓடியது. 31 சதவீதத்தில் ஐந்தாவது டிஸ்கில் ஒரு இடத்தைப் படிக்க முடியவில்லை. டிஸ்குகளை நிர்வகிக்கும் கன்ட்ரோலர் அந்த டிஸ்கையும் கழற்றிவிட்டது. அவ்வளவுதான், ஆறு டிஸ்கும் சேர்ந்த வால்யூமே போய்விட்டது.

ரீபில்ட் என்றால் மிச்சமுள்ள டிஸ்குகளை முதலிலிருந்து கடைசிவரை படித்தாக வேண்டும். அவை எல்லாம் ஒன்றாக வாங்கி, ஒரே நாளில் ஓட ஆரம்பித்தவை. பல மாதங்களாக யாரும் தொடாத மூலையில் இருந்த பழுது அப்போதுதான் வெளியே வந்தது. கன்ட்ரோலரே ஓய்வு நேரத்தில் டிஸ்குகளைப் படித்துப் பார்க்கும் பேட்ரோல் ரீடு அந்த சர்வரில் அணைக்கப்பட்டிருந்தது. அன்றைய பேக்கப்பும் இன்னும் ஓடியிருக்கவில்லை. டிஸ்கைத் தொடும் முன் அதை ஓட்டியிருக்க வேண்டும்; அது என் தவறு.

முந்தைய இரவின் பேக்கப் டேப் காப்பாற்றியது. ஆனால் நடுவில் ஒரு நாள் இல்லை. மறுநாள் வாடிக்கையாளரின் அலுவலகத்தில் இரண்டு அக்காக்கள் டெலிவரி ஆர்டர்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, எல்லாவற்றையும் திரும்ப டைப் செய்துகொண்டிருந்தார்கள். மதியம் சாப்பிடக்கூட எழவில்லை. அதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அதே சர்வரை ரெய்டு 6 ஆக அமைத்தோம். "இன்னும் 4 டெராபைட் போகுதே" என்று வாடிக்கையாளர் வருத்தப்பட்டார். இரண்டு டிஸ்க் போனாலும் நிற்கும் என்றதும், சரி என்றார். அப்புறம் கன்ட்ரோலரைத் திறந்து பார்த்தால், அதன் கேஷ் பேட்டரி உப்பியிருந்தது. கேஷ் என்பது தற்காலிக நினைவகம்; டிஸ்கில் எழுதக் காத்திருக்கும் தரவு அதில்தான் நிற்கும். கரண்ட் போனால் அதைப் பிடித்து வைப்பது அந்த பேட்டரிதான். அதையும் மாற்றினோம்.

இப்போது என் அலமாரியில் அதே மாடல் கன்ட்ரோலர் ஒன்று உபரியாக இருக்கிறது. பெட்டி மேல் ஃபர்ம்வேர் (அதனுள் இருக்கும் மென்பொருள்) எண்ணும், பேட்டரி மாற்ற வேண்டிய மாதமும் என் கையெழுத்தில்.