கிழிஞ்ச டிக்கெட்டுக்கு என்ன விலை?

1988 ஜனவரி 25, திருவனந்தபுரம் யுனிவர்சிட்டி ஸ்டேடியத்துல இந்தியா வெஸ்ட் இண்டீஸ் ஒன்டே நடந்துச்சுல்லா, ஸ்ரீகாந்த் செஞ்சுரி அடிச்சும் வெஸ்ட் இண்டீஸோட சிம்மன்ஸும் கிரீனிட்ஜும் வெளுத்து ஒன்பது விக்கெட்ல ஜெயிச்சிட்டுப் போனாங்களே, அந்த மேட்ச் டிக்கெட் ஒண்ணு இப்ப எங்கிட்ட இருக்கு. முழுசு இல்ல, கேட்ல கிழிச்சிட்டு கையில குடுத்த பாதி. தக்கலைல ஒரு அண்ணாச்சி தந்தது. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் ஆளுகளுக்கு சேப்பாக்கம் எங்கயோ தூரத்துல கெடக்கு, திருவனந்தபுரம்தான் பக்கம், 1979-ல ரயிலும் வந்தாச்சு, அதனால நம்ம பக்கத்து பழைய பீரோவுல தேடுனா அங்க உள்ள டிக்கெட்தான் சிக்கும்.

"இத வச்சு நீ என்ன செய்யப்போற மக்கா"ன்னு கேட்டாரு. நான் அமெரிக்காக்காரங்க பேஸ்பால் டிக்கெட்டுக்கு குடுக்கிற விலையச் சொன்னேன். 1947 ஏப்ரல் 15, புரூக்ளின் எபெட்ஸ் ஃபீல்டுல கறுப்பினத்து வீரர் ஜாக்கி ராபின்சன் ஆடுன முதல் மேஜர் லீக் மேட்ச், கறுப்பினத்துக்காரங்கள பல வருஷமா உள்ளயே விடாம வச்சிருந்த லீக் அது. அன்னைக்கு கிழிச்ச பாதி டிக்கெட் ஒண்ணு 2022-ல 4,80,000 டாலருக்கு ஏலம் போச்சு. பேப்பர் நல்ல நிலமையில கூட இல்ல.

பழசுன்னா விலைன்னு நெனைக்காங்க, அது அப்படி இல்ல. அன்னைக்கு என்ன நடந்துச்சுங்கறதுதான் மொதல்ல, அதுல எத்தனை டிக்கெட் மிச்சம் இருக்குங்கறது அடுத்தது. 1956 அக்டோபர் 8 வேர்ல்ட் சீரீஸ்ல (பேஸ்பாலோட இறுதித் தொடர்) பந்து எறிஞ்ச டான் லார்சன் எதிரணியில ஒருத்தனக்கூட பேஸ்ல (ரன் எடுக்க ஓடித் தொட வேண்டிய இடம்) ஏற விடாம ஆட்டத்த முடிச்சாரு (நம்ம மாவட்டம் தமிழ்நாட்டோட சேர இன்னும் மூணு வாரத்துக்கு மேல கெடந்துச்சு அப்ப), அந்த ஆட்டத்து டிக்கெட்டும் அதுக்கு முந்தின ஆட்டத்து டிக்கெட்டும் பக்கத்துல பக்கத்துல வச்சா ஒரே வயசுதான், விலை எங்கயோ எங்கயோ இருக்கும். நமக்கும் அப்படித்தான், 1986 சேப்பாக்கம் டை டெஸ்ட்ல (ரெண்டு அணி ரன்னும் சமமா முடிஞ்ச மேட்ச்) முடிவு வந்த அஞ்சாம் நாள் டிக்கெட்ட ரெண்டாம் நாளோட சேத்து ஒரே விலை பேசுறவனுக்கு இது தெரியலன்னு அர்த்தம்.

அமெரிக்காவுல பழைய பேஸ்பால் டிக்கெட்ல கிழிச்சுத் தர்ற பாதியில ரெயின் செக்ன்னு அச்சடிச்சிருக்கும், மழையில ஆட்டம் நின்னா அதக் காட்டி இன்னொரு ஆட்டம் பாக்கலாம், அதுக்காகவே சனங்க எறியாம பாக்கெட்ல போட்டு வீட்டுக்கு கொண்டு வந்தாங்க, இத்தனை பாதி டிக்கெட் மிஞ்சுனதுக்கு அதும் ஒரு காரணம்.

சந்தையில பொதுவா கிழிக்காத முழு டிக்கெட்டுக்குத்தான் மதிப்பு கூட. எனக்கு அதுல உடன்பாடே இல்ல. முழு டிக்கெட்னா வாங்குனவரு போகல, கிழிஞ்சதுன்னா ஒரு ஆளு அங்க போய் உக்காந்து பாத்திருக்காரு. அண்ணாச்சி டிக்கெட்ட திருப்பிப் பாருங்க, நீல பால்பாயிண்ட் பேனால "சீக்கா 101"ன்னு (சீக்கான்னா ஸ்ரீகாந்த், அன்னைக்கு அவரு அடிச்ச ரன்) எழுதி கீழ ரெண்டு கோடு, மூலைல குண்டூசி துரு, நடுவுல சட்டைப்பையில மடிச்ச தடம். பேனாக்கறை, துரு, மடிப்பு, டிக்கெட்டோட நிலமையப் பாத்து கிரேடிங் பண்றவங்க இது மூணுக்கும் மார்க்க குறைப்பாங்க. நான் அந்த எழுத்துக்குத்தான் கூடுதலா காசு குடுத்தேன், இன்னொண்ணு கெடச்சாலும் குடுப்பேன்.

போலியும் உண்டு. சீரியல் நம்பர லென்ஸ் வச்சு பாக்கணும், பழைய நம்பரிங் மெஷின்ல அடிச்சதுன்னா பேப்பர்ல அழுத்தம் விழுந்திருக்கும், பின்பக்கம் விரலால தடவுனாலே பல நேரம் தெரியும். பிரிண்டர்ல எடுத்ததுன்னா வழவழன்னு இருக்கும், லென்ஸ்ல புள்ளி புள்ளியா தெரியும்.

நம்ம ஊருக்கு ரெண்டு மழைக்காலமும் உண்டு, கடக்காத்து வேற, அதனால பேப்பருக்கு ஈரம்தான் பெரிய எதிரி. பிவிசி கவர் வேண்டாம், நாள்பட அது பேப்பர்ல ஒட்டும். மைலர் (பாலியஸ்டர் பிலிம்) கவர்ல போட்டு, மூடுன டப்பால சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட வைங்க. ஆல்பத்துல பசை போட்டு ஒட்டாதீங்க, லேமினேஷன் பண்ணவே பண்ணாதீங்க, பண்ணுனா திரும்பப் பிரிக்க வழியே கெடையாது.

இப்ப நான் தேடுறது 1984 அக்டோபர் 1, அதே ஸ்டேடியத்துல நடந்த முதல் ஒன்டே, ஆஸ்திரேலியா கூட, மழை வந்து ரிசல்ட் இல்லாம போன மேட்ச். குமரி மாவட்டத்துல யார் வீட்டுலயாவது கெடந்தா முன்பக்கமும் பின்பக்கமும் போட்டோ எடுத்து அனுப்புங்க, கிழிஞ்சிருந்தாலும் கிறுக்கியிருந்தாலும் நல்ல விலை தருவேன், விக்க மனசில்லன்னா பாக்கவாவது நேர்ல வாறேன்.