ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் போகும் வழியில்

ஜூலை 7, போர்ட் அகஸ்டா, தென் ஆஸ்திரேலியா

40 லிட்டர் தண்ணீர் வாங்கி வைத்தாயிற்று. மருத்துவமனையில் என் எண்ணைத்தான் கொடுத்திருக்கிறேன்.

ஜூலை 8, கூபர் பீடி

கிளெண்டாம்போவை விட்டால் இங்கே வரும்வரை சுமார் 250 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் கிடையாது. போனில் ஒரு கோடுகூட இல்லை. "அதை வைத்துவிட்டு வெளியே பாரம்மா" என்று அப்பா மூன்று முறை சொல்லிவிட்டார்.

ஓபல் என்ற மணிக்கல் தோண்டும் ஊர் இது. நிலத்தைக் குடைந்த அறையில் படுத்திருக்கிறோம். ஜன்னல் இல்லை. அப்பா இருமும்போதெல்லாம் விழித்துக்கொள்கிறேன்.

ஜூலை 9

நாள் முழுவதும் சாலை. இன்றும் அழைப்பு இல்லை.

ஜூலை 10, கிங்ஸ் கேன்யன்

விளிம்பைச் சுற்றி 6 கிலோமீட்டர் நடை, தொடக்கத்திலேயே செங்குத்தான படிகள். அப்பா கீழே ஓடைப் பாதையோடு நின்றுவிட்டார், இவரும் துணைக்கு. மகனோடு நான் மட்டும் ஏறினேன். உள்ளே ஏதேன் தோட்டம் என்று பெயர் வைத்த பள்ளம்: தேங்கிய நீர், ஆதிகாலத்துச் சைக்காட் செடிகள். எவ்வளவு அழகு! நானோ நூறு மீட்டருக்கும் மேலான பாறைச் சுவரின் மேல் நின்று, கீழே ஒரு வெள்ளைத் தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தேன். தெரியவில்லை. உச்சியில் போனைத் தூக்கிப் பிடித்தும் பார்த்தேன்.

ஜூலை 11

மெரீனி சாலை. செம்மண், வண்டி முழுக்க அதிர்வு. திடீரென்று ஒட்டகங்கள்! பதினொன்று என்று மகன் எண்ணினான். நடுச்சாலையில் நின்று எங்களைப் பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் புதருக்குள் போயின.

இங்கே ஒட்டகம் எப்படி வந்தது என்று அப்பா கேட்டார். படித்ததைச் சொன்னேன். 1860-இல் பர்க், வில்ஸ் என்பவர்களின் ஆய்வுப் பயணத்துக்காகக் கராச்சியிலிருந்து கப்பலில் கொண்டுவந்தார்கள். பின்னர் ஆயிரக்கணக்கில் வந்தன. ஓட்டிகள் பலுசிஸ்தான், சிந்து, பஞ்சாப் என்று பல இடத்துக்காரர்கள். எல்லோரையும் 'ஆப்கானியர்' என்றே அழைத்தார்கள். பாலைவனம் முழுவதும் சரக்குச் சுமந்தவை அவைதாம். லாரி வந்தது, வேலை போயிற்று. 1925-இல் தென் ஆஸ்திரேலியாவில் ஒட்டகங்களை அழிப்பதற்கென்றே சட்டம் வந்தது. பல ஓட்டிகளுக்குச் சுட மனம் வரவில்லை; அவிழ்த்து விட்டுவிட்டார்கள்.

அப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "பழக்கிய கை எப்படிச் சுடும்?" என்றார்.

ஜூலை 12, ஆர்மிஸ்டன்

இரவில் உறைய வைக்கும் குளிர். அப்பாவுக்கு இரண்டு கம்பளி. இருமல் குறைந்த மாதிரி இருக்கிறது. மாதிரி.

ஜூலை 13

ஸ்டாண்ட்லி பிளவுக்கு அப்பாவும் நடந்தார், என் தோளைப் பிடித்தபடி. உச்சி வெயில் இறங்கியதும் இரண்டு சுவர்களும் தணல் போலச் சிவந்தன. கொஞ்ச நேரந்தான். அப்பா பாறையில் உள்ளங்கையை வைத்து, "சுடவே இல்லை, சில்லென்று இருக்கிறது" என்றார். என் கையையும் இழுத்து வைத்தார். ஒரு மணி நேரம் நான் போனை எடுக்கவே இல்லை.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் இன்னும் 50 கிலோமீட்டர். வண்டியில் எழுதுகிறேன். இரண்டு கோடுகள் வந்துவிட்டன. தவறிய அழைப்பு மூன்று, எல்லாம் ஒரே எண். அப்பா தூங்குகிறார். வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லியிருக்கிறேன்.